நாம் ஏறிச்செல்லும் துள்ளுந்து நம்மொழியில் பேசட்டும்!



ஏதேனும் ஒரு பணிநாளில், காலை ஏழரை மணியளவில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் நுழைவழியருகே ஒரு நாழிகைப் பொழுது நின்று பாருங்கள். பாடியினின்று அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் வழியாகத் திருநின்றவூர் நோக்கி ஓடும் திருவள்ளூர் நெடுஞ்சாலையும், ஆவடியினின்று பருத்திப்பட்டு வழியாகப் பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையும் அப்பொழுதில் ஈருருளிகளால் நிறைந்து வழியும். அவற்றுள் மிகப்பல, மக்கள் 'இசுகூட்டர்' என்று அழைக்கும் வண்டிகளே. ஆயத்த ஆடை ஆலைக்கு விரையும் பெண், கடைசல் பட்டறைக்குச் செல்லும் இளைஞன், பெயர்த்தியைப் பள்ளியில் விடப் போகும் முதியவர், காய்கறி மூட்டையைக் காலடியில் இருத்திக்கொண்டு சந்தையினின்று திரும்பும் சிறுகடைக்காரர் எனப் பலரும் அவ்வண்டியை நம்பியே நாளைத் தொடங்குகின்றனர். முன்னொரு காலத்தில் உழவனுக்கு மாட்டுவண்டி எவ்வாறோ, அவ்வாறே இன்று புறநகர் உழைப்பாளிக்கு இவ்வண்டி.

இதற்குத் துள்ளுந்து என்றும் குதியுந்து என்றும் தமிழன்பர்கள் பெயரிட்டு வழங்கி வருகின்றனர். இரண்டும் நல்ல சொற்களே. இக்கட்டுரையில் துள்ளுந்து என்றே குறிப்போம். ஆனால், சொல்லைச் சொல்லிவிட்டு நிறைவடைவது நம் நோக்கமன்று. இவ்வண்டியின் வடிவழகு யாருக்காக? இதன் பயன்கள் யாருக்காக? அப்பயன்களை ஓட்டுபவர் அறியும்படி எடுத்துச்சொல்லும் மொழி யாருடையது? இம்மூன்று வினாக்களையுமே இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

முதற்கண் இவ்வண்டி பிறந்த கதையைக் காண்போம். இரண்டாம் உலகப்போரில் இடிந்து கிடந்த இத்தாலி நாட்டில், மக்கள் வேலைக்குச் செல்ல மலிவான ஊர்தி ஒன்று தேவைப்பட்டது. பியாச்சியோ நிறுவனத்தில் வானூர்தி வடித்துவந்த கொர்ராதினோ தசுக்கானியோ என்னும் பொறிஞர் அதனை வடித்தார். அவருக்குப் பெரிய விசையுந்துகளின்மேல் விருப்பமே இல்லை. ஏறுவது கடினம், எண்ணெய் தெறித்து உடை அழுக்காகின்றது, உருளி பழுதுற்றால் கழற்றுவது தொல்லை என்பன அவர் கண்ட குறைகள். ஆகவே, காலை உயரத் தூக்காமல் ஏறியமரும் திறந்த நடுப்பகுதியை அமைத்தார். பொறியைத் தகட்டினால் மூடினார். முன்னுருளியை வானூர்தியின் தரையுருளியைப் போல ஒரே பக்கத்தில் தாங்கச் செய்தார். 1946 ஆம் ஆண்டு அவ்வண்டி வெளிவந்தது. ஒடுங்கிய இடை, பருத்த பின்புறம், முரலும் ஒலி! அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'வெசுபா'. இத்தாலிய மொழியில் அதற்குப் பொருள் குளவி என்பது!

அடுத்த ஆண்டே, 1947 இல், எஃகுக் குழாய் செய்துவந்த இன்னொசெந்தி நிறுவனம் மற்றொரு துள்ளுந்தைக் கொணர்ந்தது. அது 'இலாம்பிரெட்டா'. அப்பெயர் எங்கிருந்து வந்தது? மிலான் நகரின் புறத்தே உள்ள இலாம்பிராத்தே என்னும் பகுதியினின்றும், அதன் பக்கம் ஓடும் இலாம்பிரோ என்னும் சிற்றாற்றினின்றும் வந்தது. ஒரு புறநகரின் ஆறு உலகெங்கும் ஓடிய வண்டிக்குப் பெயர் தந்தது. நம் மேற்குப் புறநகரிலும் ஓர் ஆறு ஓடுகின்றது. பருத்திப்பட்டையும் திருவேற்காட்டையும் தொட்டுச் செல்லும் கூவம் அது. அதன் பெயரை ஒரு வண்டிக்கு வைக்க நம்மில் எவரேனும் துணிவரா? ஆற்றையும் கெடுத்தோம், பெயரையும் இழிசொல்லாக்கினோம். இஃது இங்கே இடைப்பிறவரல்போல் தோன்றினாலும், உண்மையில் ஒரே நோயின் இரு கூறுகள். தன் நிலத்தைப் போற்றாதவன் தன் நிலத்துப் பெயரையும் போற்றான்.

'ஊர்தித் தொழில் அயலாருடையது. ஆகவே பெயரும் அயலாருடையதே' என்று சிலர் கூறுவர். அன்னார் பாடிச் சந்திப்பில் இறங்கிச் சற்று நடக்கட்டும். 1960களின் தொடக்கத்தில் அங்கே வரிசையாக எழுந்த தொழிற்சாலைகள் செய்பவை என்ன? ஊர்திகளுக்கான உருளிகள், நிறுத்திகள், பொறியை முடுக்கும் மின்னோடிகள், மின்னாக்கிகள். அம்பத்தூரில் 1949 ஆம் ஆண்டே மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. ஆவடியில் 1950களிலேயே எஃகுக் குழாய் ஆலை வந்துவிட்டது. 1960களில் அதே ஆவடியில் படைக்கான கனவூர்தித் தொழிற்சாலை எழுந்தது. விசயந்தா என்னும் போர்வண்டி அங்கேதான் உருவாயிற்று. சென்னையின் வடகோடியில் திருவொற்றியூரில் இருந்த என்பீல்டு ஆலை, 1960களில் விசையுந்துகளோடு ஒரு துள்ளுந்தையும் செய்து விற்றது. 1980 இல் ஓசூரினின்று வெளிவந்த 'டி.வி.எசு. 50' என்னும் சிறுவண்டி தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் தோற்றத்தையே மாற்றிற்று. இன்று மின்னாற்றலால் ஓடும் துள்ளுந்துகளும் ஓசூரிலும், கிருட்டிணகிரி மாவட்டத்திலும், இராணிப்பேட்டையிலும் உருவாகின்றன.

ஆகக்கூடி, உருளி நம் கையால் ஆனது. நிறுத்தி நம் கையால் ஆனது. மின்னோடி நம் கையால் ஆனது. போர்வண்டியையே செய்துமுடிக்கும் ஆவடித் தமிழன், தான் வீட்டுக்கு ஏறிப்போகும் வண்டியின் ஓர் உறுப்பையேனும் தன் மொழியால் சுட்ட இயலாதவனாய் நிற்கின்றான். இதனினும் பெரிய முரண் யாதுளது?

இனி, வண்டியின் வடிவையும் பயனையும் எடுத்துக்கொள்வோம். அழகு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. உழைப்பவனுக்கும் அழகு வேண்டும். பல்லாண்டுச் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வண்டி கண்ணுக்கு இனிதாய் இருத்தல் வேண்டும் என்று அவன் விரும்புவதில் பிழையில்லை. ஆனால், விளம்பரங்களைப் பாருங்கள். கூர்மூக்கு, சினந்த கண்போன்ற முகவிளக்கு, போர்வானூர்தி போன்ற விலாத்தகடு என்று வண்டியை ஏதோ பகைவன்மேல் பாயவிருப்பது போல வடிக்கின்றனர். ஆவடியினின்று அம்பத்தூருக்குப் போகும் பெண் யார்மேல் பாயப் போகின்றாள்? அவளுக்கு வேண்டியவை வேறு.

அவளுக்கு முதலில் வேண்டியது மிதிதளம். துள்ளுந்தின் உயிரே அதன் தட்டையான மிதிதளத்தில்தான் இருக்கின்றது. 14.2 கிலோ வளி அடைத்த அடுப்புருளையையும், 20 இலிட்டர் குடிநீர்க் கலத்தையும், 25 கிலோ அரிசி மூட்டையையும் நம் மக்கள் அங்கேதான் வைக்கின்றனர். வளைவும் நெளிவும் கூட்டி அத்தளத்தைக் குறுக்கும் வடிவமைப்பாளர், அழகைச் சேர்த்துப் பயனைக் கழிக்கின்றார்.

இரண்டாவது, இருக்கையின் உயரம். பெரும்பாலான துள்ளுந்துகளின் இருக்கை ஏறத்தாழ 76 செ.மீ. உயரமுடையது. நம் பெண்கள் பலர்க்கு இவ்வுயரத்தில் இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிவதில்லை. நெரிசலில் அடிக்கடி காலூன்ற வேண்டிய சாலையில் இரண்டு விரற்கடைக் குறைவும் ஒரு பெரும் உதவியாகும்.

மூன்றாவது, உருளியின் அளவு. தொடக்கக் காலத் துள்ளுந்துகளின் சிறிய உருளி, மழைக்காலத்துச் சாலைக் குழியில் முழுதுமாக இறங்கிவிடும். 12 அங்குல உருளி, 10 அங்குல உருளியைவிடக் குழியை எளிதில் தாண்டும். 2013 இல் ஓசூர் நிறுவனம் வெளியிட்ட 'யூபிட்டர்' என்னும் துள்ளுந்தில் முன்னும் பின்னும் 12 அங்குல உருளிகள் அமைந்தமையும், இருக்கையைத் தூக்காமலே கன்னெய் நிரப்பும் வாய் வெளிப்புறத்தே அமைந்தமையும் மெய்யான முன்னேற்றங்கள். அதே நிறுவனம் 2021 இல் வெளியிட்ட பெரிய வண்டியில் கன்னெய்க் கலத்தை மிதிதளத்தின் அடிக்கு மாற்றி, இருக்கையின் கீழுள்ள பேழையை 33 இலிட்டர் கொள்ளும்படி செய்தனர். இரண்டு தலைக்காப்புகளை வைக்க இடம் கிடைத்தது. இவையெல்லாம் அறிவார்ந்த வேலை. பாராட்டத் தக்க வேலை. ஆனால் தமிழ்நாட்டில், தமிழ்நாட்டுத் தொழிலாளர் கையால், தமிழ்நாட்டுச் சாலைக்கெனச் செய்த வண்டிக்கு உரோமானியரின் வானவர்கோன் பெயர்!

நான்காவது, சேலைக்காப்பு. இதனைப் பலர் எண்ணிப் பார்த்ததே இல்லை. பின்னிருக்கையில் அமர்வோரின் உடை உருளியில் சிக்காதவாறு பின்னுருளியின் பாதியளவேனும் மறைக்கும் காப்பு ஒன்று இருத்தல் வேண்டும் என்று நடுவணரசின் 1989 ஆம் ஆண்டு ஊர்தி விதிகளில் 123 ஆம் விதி கூறுகின்றது. இத்தாலியனுக்கு இஃது தேவைப்படவில்லை. ஏனெனில், அவன் நாட்டில் சேலை இல்லை. இஃது நம் உடையினின்று பிறந்த உறுப்பு. நம் பெண்களின் உயிரைக் காக்கும் உறுப்பு. அதனால்தான் கடைத்தெருவில் இதனை ஆங்கிலத்தில் கூறும்போதும் சேலை என்னும் சொல்லை விடமுடியவில்லை. வண்டியின் உறுப்பு நம் வாழ்வினின்று பிறந்தால் அதன் பெயரும் நம் வாயினின்று தானே பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஐந்தாவது, நிறுத்தி. இங்கேதான் நாம் சிறிது நின்று பேச வேண்டியுள்ளது. ஏனெனில், இஃது எம் வீட்டில் நடந்தது.

எம் உடன்பிறந்தாளின் மகள் ஆவடிப் பக்கம் குடியிருப்பவள்; அம்பத்தூரில் ஓர் ஆடை ஆலையில் தைப்பவள். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவள். சில ஆண்டுகளுக்கு முன் தவணையில் ஒரு துள்ளுந்து வாங்கினாள். வண்டியோடு வழிகாட்டுக் கையேடு ஒன்று கொடுத்தனர். நூறு பக்கத்துக்குக் குறையாத அந்தப் பொத்தகத்தில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. விற்பனையாளர் திறவுகோலைக் கையில் கொடுத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, வாழ்த்தி அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்துத் திருமுல்லைவாயிலருகே சாலையோரம் மணல் கொட்டிக்கிடந்த ஒரு திருப்பத்தில் அவள் விழுந்தாள். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை வேலையில்லை; கூலியில்லை. தவணை மட்டும் நிற்கவில்லை.

எப்படி விழுந்தாள் என்று வினவினேன். "மாமா, இடப்பக்கத்துப் பிடியைத்தானே பிடித்தேன், அது பின்னுருளியைத்தானே நிறுத்தும்?" என்றாள். மிதிவண்டியில் அவள் பழகியது அவ்வாறு. ஆனால், 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் விற்கப்பெறும் 125 கன செ.மீ. வரையிலான ஈருருளிகளில், ஒரு பிடியை அழுத்தினால் இரண்டு உருளிகளும் சேர்ந்து நிற்கும் கூட்டு நிறுத்தியேனும் அதனினும் மேம்பட்ட அமைப்பேனும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். துள்ளுந்தில் இடப்பிடியை அழுத்தினால் பின்னுருளியோடு முன்னுருளியும் பிடிபடும். நேர்ச்சாலையில் இஃது உயிர்காக்கும் அமைப்பு. வண்டி குறைந்த தொலைவில் நிற்கும். பின்னுருளி சறுக்கித் திரும்பாது. ஆனால் மணல்மேல் திரும்பும்போது முன்னுருளியைப் பிடித்தால், அது பற்று விட்டுச் சறுக்கும், வண்டி சாயும். திருப்பத்துக்கு முன்பே விரைவைக் குறைக்க வேண்டும், மணலில் பிடியை அழுத்தக் கூடாது என்பது அவள் அறிய வேண்டிய ஒரே செய்தி. அச்செய்தி அவள் வீட்டிலேயே இருந்தது. அலமாரியில் இருந்த அந்தக் கையேட்டில் ஓர் ஆங்கில வரியாய் இருந்தது!

உடன்பிறப்புகளே! மொழிப்பற்று என்பது மேடைக்கு உரியது, வயிற்றுக்கு உதவாது என்று நம்மை நகையாடுவோர்க்கு இந்த முறிந்த மணிக்கட்டைக் காட்டுகின்றோம். அறியும் மொழியில் அறிவுறுத்தாமை, அறிவுறுத்தாமையே ஆகும். பார்வையற்றவனிடம் படத்தைக் காட்டி 'நான்தான் சொன்னேனே' என்று கூறுவதற்கும், தமிழ் மட்டுமே அறிந்தவளிடம் ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்து 'அதில் எல்லாம் எழுதியிருக்கின்றது' என்று கூறுவதற்கும் என்ன வேறுபாடு?

இதற்குச் சட்டமும் துணைநிற்கவில்லை. பொதிந்து விற்கும் பொருள்களின்மேல் எழுதப்பெறும் செய்திகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்று 2011 ஆம் ஆண்டின் நடுவணரசு விதிகள் கூறுகின்றன. பிறமொழி வேண்டுமெனில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம்! ஆக, தமிழ்நாட்டில் செய்து தமிழ்நாட்டில் விற்கும் பொருளின்மேல் தமிழ் இருந்தாலும் இருக்கலாம், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. இந்தியோ ஆங்கிலமோ இல்லாவிட்டால் மட்டும் குற்றம். வண்டியின் பதிவெண் பலகையிலும் எழுத்துகள் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்பதே விதி.

நடுவணரசைக் குறைகூறும் நாம் நம்மை நாமே பார்த்துக்கொள்ளவும் வேண்டும். 2018 ஆம் ஆண்டு பிப்பிரவரி 24 ஆம் நாள் தமிழ்நாட்டரசு, வேலைக்குச் செல்லும் பெண்களுக்குத் துள்ளுந்து வாங்க உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. வண்டி விலையில் பாதி, அல்லது 25,000 உருபா, இவற்றுள் எது குறைவோ அத்தொகை உதவியாகக் கிடைத்தது. நல்ல திட்டமே. கூட்டப் பேருந்தில் நசுங்கிச் சென்ற எத்தனையோ பெண்களுக்கு அது சிறகு தந்தது. ஆனால் அதன் பெயரில் இருந்த சொற்கள் 'இருசக்கர வாகனம்'. சக்கரமும் வடசொல், வாகனமும் வடசொல். இரண்டே சொல்லில், 'ஈருருளி வண்டி' என்று எழுதியிருந்தால் எந்தப் பெண்ணுக்குப் புரியாமல் போயிருக்கும்? அன்றி, உதவித்தொகை கொடுத்த அரசு, 'இத்திட்டத்தில் விற்கும் ஒவ்வொரு வண்டியோடும் தமிழ்க் கையேடு தருக' என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தால் நிறுவனங்கள் மறுத்திருக்குமா? பணம் கொடுப்பவன் கேட்டால் எந்த வணிகனும் கொடுப்பான். நாம் கேட்கவில்லை.

'உறுப்புகளுக்குத் தமிழில் பெயர் ஏது? புதிதாக உருவாக்கினால் பட்டறைக்காரன் சிரிப்பானே' என்பது அடுத்த தடை. விடை கூறுவோம். வண்டி நமக்குப் புதியதன்று. மாட்டுவண்டி செய்த தமிழ்த் தச்சன் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைத்திருந்தான். உருளியின் நடுவே குடம், குடத்தினின்று கிளைக்கும் ஆரக்கால், ஆரக்காலைத் தாங்கும் வட்டை, இரு உருளியையும் இணைக்கும் அச்சு, அச்சினின்று உருளி கழலாமல் காக்கும் கடையாணி, நுகத்தடி. வள்ளுவப் பெருந்தகை வலியறிதலை விளக்க வண்டியின் அச்சையும், உருவுகண்டு எள்ளாமையை விளக்கத் தேரின் அச்சாணியையும் எடுத்துக்கொண்டார். ஒரு சிற்றாணிக்கும் பெயர் வைத்து, அதிலிருந்து அறமும் அரசியலும் கண்ட மொழி இது. மரம் எஃகாக மாறியவுடன் அம்மொழிக்கு நா வறண்டுவிட்டதா? எஃகுருளிக்கும் குடம் உண்டு, ஆரம் உண்டு, வட்டை உண்டு, அச்சு உண்டு. பொருள் மாறவில்லை, நாம்தாம் மாறினோம்.

ஏனையவற்றுக்கும் பெயர் எளிதே. கையால் பிடிப்பது கைப்பிடி. முகத்தில் ஒளிர்வது முகவிளக்கு. திரும்புமுன் மின்னுவது திரும்பு விளக்கு. வண்டியை நிறுத்துவது நிறுத்தி. அதனை அழுத்தும் பிடி நிறுத்திப்பிடி. உதைத்து முடுக்குவது உதைகோல். சாய்த்து நிறுத்த உதவுவது பக்கக்கால். நிமிர்த்தி நிறுத்த உதவுவது நடுக்கால். நம்மவர் 'டிக்கி' என்பது இருக்கைப் பேழை. விரைவைக் காட்டுவது விரைவுகாட்டி, ஒலிப்பது ஒலிப்பான். இவற்றுள் எது நாவைக் கடிக்கின்றது? பத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் பத்துப் பிள்ளைகளும் பொருளைக் கண்டுபிடிப்பர். ஆங்கிலப் பெயரோ நெட்டுருவினால் மட்டுமே நிற்கும்.

ஈழத் தமிழரைப் பாருங்கள். அங்கே உந்துருளி என்னும் சொல் செய்தித்தாள்களில் இயல்பாய் வழங்குகின்றது. உரொட்டி சுடும் கடைக்கு வெதுப்பகம் என்று பெயர்ப்பலகை எழுதுகின்றனர். சொல்லைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. உரொட்டி வாங்கிச் செல்கின்றனர்.

இங்கே ஓர் உண்மையை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் உருவாக்கிய சொற்கள் எல்லாம் வென்றுவிடவில்லை. பேருந்து வென்றது, மிதிவண்டி வென்றது. மகிழுந்து பாதிவழியில் நிற்கின்றது. ஏன்? பேருந்து என்னும் சொல் பேருந்து நிலையத்தின் நெற்றியில் எழுதப்பெற்றது. பயணச்சீட்டிலும் அறிவிப்பிலும் நாள்தோறும் மக்கள் கண்ணில் பட்டது. மிதிவண்டி பள்ளிப் பாடத்தில் வந்தது. அரசு மாணவர்க்கு வழங்கிய திட்டத்தின் பெயரிலேயே வந்தது. மகிழுந்தோ எந்த மகிழுந்தின்மேலும் எழுதப்பெறவில்லை. நம் கட்டுரைகளில் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கின்றது. இதனின்று நாம் கற்கும் பாடம் ஒன்று. சொல், அகரமுதலியில் பிறக்கலாம். ஆனால் பொருளின்மேல் ஒட்டினால்தான் வாழும். எனவே, சொல்லாக்கம் செய்து இதழில் அச்சிட்டு மகிழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. அச்சொல் கையேட்டிலும், உதிரியுறுப்புக் கடையின் பெட்டிமேலும், விரைவுகாட்டியின் திரையிலும் ஏற வேண்டும்.

இன்றைய துள்ளுந்தில் அதற்கு நல்ல வாய்ப்பும் வந்துள்ளது. முன்பு முள் ஆடிய விரைவுகாட்டி, இன்று மின்திரையாகிவிட்டது. கைப்பேசியோடு இணைந்து வழிகாட்டுகின்றது. மின்கலத்தில் எஞ்சிய ஆற்றலைக் கூறுகின்றது. பக்கக்காலை மடிக்காமல் கிளம்பினால் அறிவுறுத்துகின்றது. கைப்பேசியில் எவ்வாறு தமிழைத் தேர்ந்துகொள்கின்றோமோ, அவ்வாறே இத்திரையிலும் தமிழ் வருமாறு செய்வது மென்பொருள் வல்லார்க்குப் பெரும் வேலையன்று. முன்பு தகட்டில் எழுத்தைப் பொறிக்க அச்சு மாற்ற வேண்டும். செலவு கூடும் என்றனர். இன்று அந்தச் சாக்கும் இல்லை. விருப்பம் ஒன்றே வேண்டும். வாங்குவோர் கேட்டால் விருப்பம் தானே வரும்.

பெயர் பற்றியும் ஒரு சொல். வடபுலத்தார் 1972 இல் தம் துள்ளுந்துக்கு மேவார் மன்னன் பிரதாபன் ஏறிய குதிரையின் பெயரைச் சூட்டினர். 'சேத்தக்' என்னும் அப்பெயர் குமரி வரை பரவியது. நமக்கும் குதிரைகள் இருந்தன. சேரனுக்குப் பாடலம், சோழனுக்குக் கோரம், பாண்டியனுக்குக் கனவட்டம், மலையமானுக்குக் காரி. ஓசூரில் பிறக்கும் அடுத்த வண்டி 'காரி' என்னும் பெயரோடு வெளிவந்தால், கறுப்பு நிறத்துக்கும் பொருந்தும், வரலாற்றுக்கும் பொருந்தும், நாவுக்கும் எளிது.

முடிவாக, நாம் வேண்டுவன இவை. முதலாவது, தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வோர் ஈருருளியோடும் தமிழ்க் கையேடு தரப்பெறுதல் வேண்டும். நிறுத்தி, பக்கக்கால், எண்ணெய் மாற்றும் காலம் ஆகியவை பற்றிய பக்கங்கள் படத்தோடு அமைதல் வேண்டும். இரண்டாவது, தமிழ்நாட்டரசு உதவித்தொகை கொடுக்கும் எந்த ஊர்தித் திட்டத்திலும் இதனைக் கட்டாயமாக்குதல் வேண்டும். மூன்றாவது, அம்பத்தூர் முதலிய ஊர்களின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஊர்தி பழுதுநீக்கும் பிரிவில் பயில்வோர்க்குத் தமிழ் உறுப்புப்பெயர்களையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். ஆங்கிலப் பெயரை அறியவேண்டாம் என்று நாம் கூறவில்லை. தமிழ்ப் பெயரையும் அறிந்தவனே தன் வாடிக்கையாளர்க்கு விளங்கச் சொல்லுவான். நான்காவது, மின்திரையில் தமிழ் இருத்தல் வேண்டும்.

இவற்றை அரசு செய்யும்வரை நாம் வாளா இருக்க வேண்டுவதில்லை. அடுத்தமுறை வண்டி வாங்கச் செல்லும்போது, 'தமிழ்க் கையேடு இருக்கின்றதா?' என்று ஒவ்வொருவரும் வினவுங்கள். இல்லையெனில், இல்லை என்பதை எழுதி வாங்குங்கள், நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஒருவர் கேட்டால் நகைப்பர்; நூறுபேர் கேட்டால் அச்சிடுவர். உங்கள் தெருவில் புதிதாக வண்டி வாங்கிய பெண் எவரேனும் இருந்தால், ஒரு மாலைப் பொழுதில் அவளை அழைத்து, எந்தப் பிடி எந்த உருளியை நிறுத்தும் என்று தமிழில் கூறுங்கள். அதுவும் மொழித்தொண்டே.

எம் தமக்கைமகள் மணிக்கட்டு தேறி மீண்டும் அதே வண்டியில் அதே சாலையில் செல்கின்றாள். கையேட்டின் உள்ளட்டையில், எம் கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள் இருக்கின்றது. 'இடப்பிடி இரண்டு உருளியையும் நிறுத்தும். மணலில் பிடிக்காதே. திரும்புமுன் விரைவைக் குறை' என்பன மட்டுமே அதில் உள்ள மூன்று வரிகள். நூறு பக்க ஆங்கிலம் செய்யாததை அம்மூன்று வரித் தமிழ் செய்துவருகின்றது.

அந்தத் தாளை ஒவ்வொரு வண்டியிலும் அச்சாக ஏற்றும் நாள்வரை ஓயற்க!